புது இன்ஜினுக்குப் பழைய சட்டை

காலையில் முதல் தடவை இன்ஜின் எழும்போது கார் ஒரு நடுக்கம் நடுங்கும். பத்து வினாடி இருக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியாகிவிடும். நான்கு மாதம் இதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். ஸ்பார்க் பிளக் என்று நினைத்து அதை மாற்றியும் பார்த்தேன். இரண்டு நாள் குறைந்தது போல ஒரு பிரமை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவில் மட்டம் இறங்கியது, ஊற்றினேன். மறுபடி இறங்கியது, மறுபடி ஊற்றினேன். காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே கசியாத தண்ணீர் உள்ளேதான் போகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

என்னுடையது டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸ், 2010 மாடல்; பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். இந்தக் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. கியர்பாக்ஸுக்குள் எம்ஜி1 என்று ஒரு மோட்டார் இருக்கிறது. அதுதான் இன்ஜினைச் சுழற்றி எழுப்புகிறது. சாதாரண ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 200, 250 சுற்று என்று தள்ளாடிக்கொண்டு சுற்றும். எம்ஜி1 கண் இமைப்பதற்குள் இன்ஜினை ஆயிரம் சுற்றுக்குக் கொண்டுபோய்விடும். ஓட்டுகிறவருக்கு அது சுகம். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அதுவே எமன். இன்ஜினின் உடம்பான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருப்பது ஹெட் கேஸ்கெட். இரவெல்லாம் அதன் வழியாகக் கூலன்ட் ஒரு சிலிண்டரில் சொட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சாதாரண ஸ்டார்ட்டர் அங்கே முக்கிக்கொண்டு நின்றுவிட வாய்ப்பு உண்டு. எம்ஜி1 அவ்வளவு சுலபமாக நிற்காது. நடுவில் மாட்டிக்கொண்ட, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளைந்து கொடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது வளைந்தது. சத்தம் பெரிதாக இல்லை. யாரோ கீழேயிருந்து ஒரு சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டியது போல இருந்தது, அவ்வளவுதான்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றை விடப் பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஆவி கழுவின சுத்தம் அது. ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இந்த நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1, 4 இரண்டும் சேர்ந்து உச்சிக்கு வரும். 2, 3 இரண்டும் சேர்ந்து வரும். ஜோடியை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக் முகத்திலிருந்து பிஸ்டன் எவ்வளவு கீழே நிற்கிறது என்று டெப்த் கேஜில் அளந்து, ஜோடிக்குள் ஒப்பிட வேண்டும். என் இரண்டாவது பிஸ்டன் மூன்றாவதை விடக் குள்ளமாக நின்றது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடலாம் என்ற கனவு அங்கேயே முடிந்தது.

இதில் காரைக் குறை சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. இந்தத் தலைமுறையில் இஜிஆர் என்கிற அமைப்பு உண்டு. எரிந்த புகையில் ஒரு பங்கை ஒரு கூலர் வழியாகக் குளிர வைத்துத் திரும்ப உள்ளே அனுப்பும். புகை போகிற பாதை என்றால் கரி படியும். அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன துவாரம் வழியாகத்தான் அந்தப் புகை பிரிகிறது. ஒரு துவாரம் அடைத்துக்கொண்டால் அந்த சிலிண்டருக்குக் குளிர்ந்த புகை குறைந்து, உள்ளே சூடு கூடும்; கேஸ்கெட்டுக்கு அது கேடு. கார் என்னிடம் வந்ததிலிருந்து நான் அதைத் திறந்ததே இல்லை. இப்போது திறந்தபோது நான்கில் இரண்டு துவாரங்களில் குச்சி நுழையவில்லை. கூலரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் இருட்டு.

சரி, என்ன செய்வது? அதே தலைமுறையில் ஓடின இன்ஜின் ஒன்றை வாங்கிப் போடலாம். அதுதான் நேர் வழி. ஆனால் அந்த இன்ஜின்களுக்கும் என்னுடையதற்கும் வயது ஒன்று; அதன் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2015 டிசம்பரில் வந்த நான்காம் தலைமுறை பிரியஸிலும் இருப்பது அதே 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்இ குடும்ப இன்ஜின்தான். அதே 1.8 லிட்டர். சிலிண்டர் விட்டம் 80.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.3 மில்லிமீட்டர், இரண்டிலும் ஒன்றே. கம்ப்ரஷன் விகிதமும் அதே 13க்கு 1. கியர்பாக்ஸோடு சேரும் முகமும் ஒத்துப்போகிறது. உள்ளே உராய்வைக் குறைத்திருக்கிறார்கள், இஜிஆர் ஏற்பாட்டைத் திருத்தியிருக்கிறார்கள். வெப்பத்திறன் 38.5 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறியது என்று டொயோட்டா அப்போது சொன்னது. எல்லாவற்றையும் விட, விபத்தில் பின்பக்கம் நசுங்கி, இன்ஜின் மட்டும் அதிகம் ஓடாமல் பிழைத்த வண்டிகள் கிடைக்கின்றன. அந்தக் காரணத்துக்காகத்தான் நான் அதை எடுத்தேன்.

அந்த 40 சதவீதத்துக்காக யாராவது இந்த வேலையில் இறங்கினால் ஏமாந்து போவார்கள். பிளாக்கும் ஹெட்டும் புதிது. ஆனால் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, எவ்வளவு இஜிஆர் என்று சொல்வது பழைய கம்ப்யூட்டர். அதற்குத் தெரிந்தது பழைய இன்ஜின்தான். ஹைபிரிட் காரில் இன்ஜின் முதலாளி இல்லை. எழு என்றால் எழும், நில் என்றால் நிற்கும். ஆகவே நாம் செய்ய வேண்டியது, இன்ஜின் மாறினது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. உள்ளே ஆள் புதிது, மேலே சட்டை பழையது. இந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். வேலை நடந்த ஏழு வாரத்தில் சந்தேகம் வந்தபோதெல்லாம் அது பதில் சொன்னது.

இன்ஜினை வாங்கும்போது மூன்று சோதனை செய்தேன். பிளக் துவாரத்தில் சின்ன கேமராவை விட்டுச் சிலிண்டர் சுவரைப் பார்த்தேன். செங்குத்துக் கீறல் இல்லை, ஹோன் செய்த குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் கலந்தது போன்ற பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றாவது, லீக் டவுன் சோதனை: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, காற்றை உள்ளே அழுத்தி, எவ்வளவு தப்பிக்கிறது, எந்த வழியாக என்று காது வைத்துக் கேட்பது. தரையில் கிடக்கும் இன்ஜினுக்கு இதுதான் நம்பகமான சோதனை. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அட்கின்சன் சுழற்சி இன்ஜினில் இன்டேக் வால்வு வேண்டுமென்றே தாமதமாக மூடும். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பிப் போய்விடும். அதனால் கேஜ் முள் சாதாரண இன்ஜினை விடத் தாழ்வாகத்தான் காட்டும். எண்ணைப் பார்த்துப் பதறக்கூடாது, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விற்பனைக் காகிதத்தில் இன்ஜின் எண்ணை எழுதி வாங்குவதையும் மறக்காதீர்கள். பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் மாற்றச் சொன்னால் அந்தக் காகிதம்தான் பேசும்.

என் மனைவியின் தம்பி வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். கரண்ட் விஷயத்தில் பயம் அறியாதவன். அதனால்தான் அவனைக் கூப்பிட்டேன்; அதனால்தான் அவனைப் பார்த்துப் பயந்தேன். முதல் நாளே சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு, "எந்தக் கேபிள் மாமா?" என்று ஆரஞ்சு நிறக் கேபிளைப் பார்த்துக் கை நீட்டினான்.

"டேய், அதை உள்ளே வை."

இந்தக் காரின் பெரிய பேட்டரி 201.6 வோல்ட், டிசி. இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தும். இந்த அமைப்பு காரின் உடம்போடு இணைக்கப்படாமல் தனியே மிதக்கிறது. டெஸ்டரில் விளக்கு எரிய, கரண்ட் நம் உடம்பு வழியே தரைக்கு ஒரு வழி காண வேண்டும். இங்கே அந்த வழி இல்லை. விளக்கு எரியாததைப் பார்த்து கரண்ட் இல்லை என்று முடிவு கட்டினால், இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்ட நொடியில் கதை முடிந்தது.

நாங்கள் பின்பற்றிய வரிசை இது. ஸ்மார்ட் சாவியைக் காரிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் வைப்பது. பின்னால் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. ஆயிரம் வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையைச் சுருட்டி ஊதி, காற்று கசிகிறதா என்று பார்த்துவிட்டு அணிவது. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவி என் பைக்குள் போட்டுக்கொள்வது. வேறு யாரும் போய் மாட்டிவிடக்கூடாது. பத்து நிமிடம் காத்திருப்பது, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் காலியாக. அதற்குப் பிறகு இன்வெர்ட்டர் முனைகளில் மீட்டர் வைத்து சுழியம் பார்ப்பது. மீட்டர் சரியாக இருக்கிறதா என்று அதற்கு முன்னும் பின்னும் ஒரு தெரிந்த பேட்டரியில் தொட்டுப் பார்ப்பது. மச்சான் முதலில் சலித்துக்கொண்டான். இரண்டாவது வாரம், நான் மறந்தாலும் அவன் கையுறையை ஊதிக்கொண்டு நின்றான்.

இதற்கு நடுவே ஒரு கூத்து. முதல் நாள் வேலையை நிறுத்தின இரவு, மழை வரும்போல் இருந்ததால் பின்கதவை அடித்துச் சாத்திவிட்டேன். மறுநாள் அது திறக்கவில்லை. பூட்டு மின்சாரத்தில் திறப்பது. 12 வோல்ட் பேட்டரியோ அந்தக் கதவுக்குள்ளேயே, கழற்றின நிலையில். மச்சான் பின்சீட் வழியாகத் தலைகுப்புற நுழைந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கதவின் உள்பக்கம் கையால் திறக்கும் நெம்புகோலைத் தேடினான். அவன் கால் இரண்டும் வெளியே ஆடிக்கொண்டிருக்க, எனக்கு முன்பக்கம் ஃபியூஸ் பெட்டியில் ஜம்ப் கொடுக்கும் முனை இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறொரு 12 வோல்ட் பேட்டரியை அங்கே இணைத்து, பின்கதவு பொத்தானை அழுத்தினால் போதும். அதைச் சொன்னபோது உள்ளேயிருந்து அவன் சொன்ன வார்த்தையை எழுத முடியாது. அன்றிலிருந்து பின்கதவின் தாழ்ப்பாளில் ஒரு பழந்துணி சுருட்டி வைத்திருந்தோம்.

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழற்றுவது யாருக்கும் வரும். போல்ட்டுகளைப் பைகளில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி, கழற்றுவதற்கு முன் படம் எடுத்தோம். ஏசி கம்ப்ரசர் மட்டும் கவனம். அது பெல்ட்டில் ஓடுவதில்லை, பெரிய பேட்டரியின் கரண்ட்டில் ஓடுகிறது. கேஸ் குழாய்களைத் திறக்காமல் கம்ப்ரசரை இன்ஜினிலிருந்து போல்ட் கழற்றி, குழாயோடு ஓரமாகக் கயிற்றில் கட்டினோம். குழாயைத் திறந்தால் திரும்ப நிரப்பும்போது சாதாரணக் கம்ப்ரசர் ஆயில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அது உள்ளே மோட்டார் சுருளின் இன்சுலேஷனைக் கெடுக்கும். எதைத் திறக்காமல் இருக்க முடியுமோ அதைத் திறக்க வேண்டாம் என்பதுதான் வீட்டில் வேலை செய்கிறவனுக்கு நல்லது. கியர்பாக்ஸையும் அப்படியே காரில் விட்டுவிட்டு, அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, இன்ஜினை மட்டும் கிரேனில் மேல்வழியாக எடுத்தோம்.

இரண்டு இன்ஜினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்த அந்த மாலைதான் முழு வேலையிலும் முக்கியமான நேரம். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி. ஆனால் அண்ணன் தம்பிக்கு ஒரே செருப்பு பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. நான் செய்தது, ஒவ்வொரு முகத்துக்கும் பழைய இன்ஜினுக்கான புதுக் கேஸ்கெட்டை வாங்கி, அதைப் புது இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தது. கேஸ்கெட் ஒரு சாட்சி. போல்ட் துவாரம் ஒத்துப்போகிறதா, தண்ணீர்ப் பாதை மூடுகிறதா, ஓரத்தில் எங்காவது வெட்டவெளி தெரிகிறதா என்பதை அது ஒரே நொடியில் சொல்லிவிடும். இந்த ஒப்பீட்டை இன்ஜின் காருக்குள் போன பிறகு செய்ய முடியாது. எந்த ஆண்டு இன்ஜின் என்பதைப் பொறுத்து சின்னச் சின்ன வித்தியாசம் வரும், ஆகவே "எல்லாம் அப்படியே உட்காரும்" என்று யார் சொன்னாலும் கேஸ்கெட்டை வைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

சுவரில் ஒட்டின வரியின்படி, கம்ப்யூட்டரோடு பேசுகிற எதுவும் பழையதிலிருந்து வர வேண்டும். வயரிங் முழுவதும் பழையது. கிராங்க் சென்சார், கேம் சென்சார், நாக் சென்சார், வெப்பமானி, காயில், இன்ஜெக்டர், த்ராட்டில், எல்லாம் பழையது. ஒரு சென்சாரின் கனெக்டர் பார்க்க ஒரே மாதிரி இருந்தது. மாட்டும்போது மட்டும் ஒரு நூலளவு உள்ளே போகாமல் நின்றது. மச்சான் அமுக்கப் போனான். நிறுத்தி, பழைய சென்சாரைக் கழற்றிப் போட்டோம், கிளிக் என்று உட்கார்ந்தது. கனெக்டர் உட்காரவில்லை என்றால் அது "நான் வேறு ஆள்" என்று சொல்கிறது. ஒரு தண்ணீர்க் குழாயின் மூக்கு வேறு திசையைப் பார்த்தது; ஓஸை இழுத்து வளைத்து மாட்டாமல், அந்தத் துண்டையே பழைய இன்ஜினிலிருந்து மாற்றினேன். இழுத்து மாட்டின ஓஸ் ஒரு வருடம் கழித்து நடுரோட்டில் நியாயம் கேட்கும்.

பழைய மேனிஃபோல்டையும் இஜிஆர் கூலரையும் திரும்பப் போடுவதற்கு முன் கழுவினேன். கழுவினேன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். மூன்று இரவு ஆனது. கார்பன் கரைக்கும் திரவத்தில் ஊறவைத்து, கொட்டி, கறுப்பாக வழிவது தெளிந்த நீராகும் வரை திரும்பத் திரும்ப. கடைசியில் கூலரை விளக்குக்கு நேராகப் பிடித்தபோது தேனடை போல நூறு வெளிச்சம் தெரிந்தது. இதை மட்டும் இரண்டு வருடம் முன்னால் செய்திருந்தால் இவ்வளவு வேலையும் இல்லாமல் போயிருக்கலாம் என்று அப்போது தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

ஃப்ளைவீலும் டேம்பரும் பழைய இன்ஜினுடையதே. இந்தக் கியர்பாக்ஸில் கிளட்ச் கிடையாது, டார்க் கன்வெர்ட்டரும் கிடையாது. ஃப்ளைவீல் மேல் ஸ்பிரிங் பதித்த ஒரு டேம்பர் தட்டு இருக்கும். அதன் நடுவில் பற்கள் வெட்டிய துவாரம். கியர்பாக்ஸிலிருந்து நீளும் தண்டில் அதற்கு இணையான பற்கள். அந்தப் பற்கள் இந்தப் பற்களுக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கேட்க எளிது. கிரேனில் தொங்கும் ஒரு இன்ஜினை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு துவாரத்தில் தண்டை நுழைப்பது என்றால் ஒரு முழு சனிக்கிழமை.

நான்கு விரல் இடைவெளி வரை வந்தது. பிறகு இரண்டு விரல். அங்கே நின்றுவிட்டது. மச்சான் நீளமான போல்ட் இரண்டை எடுத்து, "இதைப் போட்டு இறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும் மாமா" என்றான். இங்கேதான் நிறைய பேர் கியர்பாக்ஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பல்லோடு பல் முட்டிக்கொண்டு நிற்கும்போது போல்ட்டால் இழுத்தால், ஒன்று டேம்பர் வளையும், இல்லையென்றால் ஓரத்துக் காது உடையும். இடைவெளி கை அழுத்தத்தில் மூட வேண்டும். மூடவில்லை என்றால் பல் சேரவில்லை, அல்லது இன்ஜின் சாய்ந்திருக்கிறது. எங்களுக்கு இரண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி குறைத்து இன்ஜினின் மூக்கைக் கொஞ்சம் தூக்கினோம். மேலும் கீழும் இடைவெளி சமமா என்று ஒரே தடிமனான மரத்துண்டு இரண்டை வைத்துப் பார்த்தோம். அப்புறம் அவன் இன்ஜினை லேசாக முட்டுக்கொடுத்துத் தள்ள, நான் முன்பக்கம் கிராங்க் போல்ட்டில் ராட்செட்டைப் போட்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். எங்கோ ஒரு இடத்தில், சத்தமே இல்லாமல், இன்ஜின் அவன் கையிலிருந்து நழுவி உள்ளே போனது. இரண்டு பக்கமும் வழிகாட்டும் பின்கள் துவாரத்தில் அமர்ந்தன. அவன் பயந்து கையை எடுத்தான். ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தானாம்.

பல் உண்மையாகவே சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பி (பார்க்) கியரில் சக்கரம் பூட்டியிருக்க, கிராங்க்கை மறுபடி திருப்பிப் பாருங்கள். முன்பு பிளக் இல்லாமல் லேசாகச் சுற்றிய கிராங்க் இப்போது ஒரு பிசுபிசுப்போடு சுற்றும். உள்ளே எம்ஜி1 சேர்ந்து சுற்றுவதால் அது. கியர்பாக்ஸுக்குள் எம்ஜி1 மாட்டியிருக்கும் நடுப்பல்சக்கரத்தில் 30 பற்கள், அதைச் சுற்றி, சக்கரங்களோடு இணைந்த வெளிவளையத்தில் 78 பற்கள்; வளையம் நிற்க, கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் எம்ஜி1 3.6 சுற்று சுற்றும். அந்தக் கனம் கைக்குத் தெரிந்த பிறகுதான் போல்ட்டுகளை முடுக்கினோம்.

0டபிள்யூ-20 ஆயில் 4.2 லிட்டர் ஊற்றி, பிளக் போடுவதற்கு முன் கையால் ஐம்பது அறுபது சுற்று சுற்றினேன், ஆயில் மேலே ஏறட்டும் என்று. காரணம் முன்னமே சொன்னதுதான்: எம்ஜி1 எழுப்பும்போது மெதுவாக ஆரம்பிக்காது. கூலன்ட்டை வெறுமனே ஊற்றாமல், வெற்றிடம் உண்டாக்கி உறிஞ்ச வைக்கும் கருவியால் நிரப்பினோம். இந்தத் தலைமுறையில் புகைபோக்கியின் சூட்டைக் கூலன்ட்டுக்கு வாங்கித் தரும் ஒரு அமைப்பு காருக்கு அடியில் இருக்கிறது. அங்கே போய்வரும் குழாய்களில் காற்று நன்றாக ஒளிந்துகொள்ளும். இன்வெர்ட்டருக்கு வேறு தனி கூலன்ட், தனி டப்பா. ஸ்விட்சை ஆன் செய்து, அந்த டப்பாவுக்குள் தண்ணீர் சுழல்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சுழலவில்லை என்றால் பம்ப் ஓடவில்லை அல்லது காற்று நிற்கிறது. அப்படியே ஓட்டினால் இன்வெர்ட்டருக்குச் சங்கு.

எல்லாம் முடிந்து, பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன. ரெடி என்ற பச்சை எழுத்து மட்டும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வரவில்லை. ஏழு வார வேலை வயிற்றில் உருண்டது. ஸ்கேனரை மாட்டினால் பி0ஏ0டி. உயர் மின்னழுத்தப் பாதையில் ஏதோ ஒரு பூட்டு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். பின்னால் போய்ப் பார்த்தால், சர்வீஸ் பிளக்கைச் செருகி, கைப்பிடியைத் திருப்பிவிட்டு, கடைசியாக ஒரு தள்ளு தள்ளி நிறுத்தாமல் விட்டிருக்கிறேன். அந்தத் தள்ளில்தான் பாதுகாப்புச் சுற்று முழுமையடைகிறது. தள்ளினேன். முன்னால் மச்சான் "வந்துருச்சு!" என்று கத்தினான்.

ரெடி வந்தாலும் இன்ஜின் எழ வேண்டும் என்று இல்லை. அது கம்ப்யூட்டரின் இஷ்டம். இன்ஜினைத் தொடர்ந்து ஓட வைக்க மெயின்டனன்ஸ் மோடுக்குப் போக வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் பவரை ஆன் செய்து, அறுபது வினாடிக்குள் ஆக்ஸிலரேட்டரை பி கியரில் இரண்டு முறை, என் (நியூட்ரல்) கியரில் இரண்டு முறை, மறுபடி பி கியரில் இரண்டு முறை முழுதாக மிதித்தால் திரையில் அந்த எழுத்து வரும். பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்யலாம். அந்த மோடில் ஓட்டிக்கொண்டு வெளியே போகக்கூடாது.

இன்னொன்று, இதைத் தொடங்குமுன் எனக்கு யாரும் சொல்லாதது. இன்ஜினை எழுப்பும் சக்தி பெரிய பேட்டரியிலிருந்து வருகிறது. ஏழு வாரம் சும்மா கிடந்ததில் அது தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும். இன்ஜின் பிடிக்காமல் நாம் திரும்பத் திரும்ப முயன்றால் ஒவ்வொரு முயற்சியும் அதிலிருந்து தின்னும். அது அடிமட்டத்துக்குப் போய்விட்டால் சாதாரண ஜம்ப் கேபிள் உதவாது. தனிச் சார்ஜர் வேண்டும். ஆகவே முதல் முயற்சிக்கு முன் பெட்ரோல், ஒவ்வொரு கனெக்டர், ஒவ்வொரு எர்த் கம்பி எல்லாவற்றையும் ஒருவர் படிக்க, ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் அப்படித் தொட்டுப் பார்த்ததில் இரண்டாவது காயிலின் கனெக்டர் பாதி மட்டும் போயிருந்தது கிடைத்தது.

எழுந்தது. ஒரு நொடி இன்ஜினுக்குள் டைமிங் செயின் கலகலத்தது, ஆயில் ஏறியதும் அடங்கியது. ஹீட்டரைத் திறந்து கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் சூடான பிறகும் குளிர்காற்றுதான் வந்தது. எங்கோ காற்றுக் குமிழ். முன்சக்கரங்களை ஜாக்கியில் கொஞ்சம் உயர்த்தி வைத்து இன்னும் இருபது நிமிடம். திடீரென்று கையில் சூடு. மச்சான் டப்பாவில் ஒரு குமிழ் வெடித்து மட்டம் இறங்கியதைக் காட்டினான், நிரப்பினோம்.

மைலேஜ் முன்பு இருந்ததற்கே திரும்பியிருக்கிறது, ஒரு சொட்டும் கூடவில்லை. கம்ப்யூட்டருக்கு இன்னும் எதுவும் தெரியாது. பைகளெல்லாம் காலியான பிறகு பெயர் எழுதாத ஒரு பையில் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது, பத்து மில்லிமீட்டர் தலை. எங்கே தேடியும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. மச்சான் அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறான்.

முதல் நாள் இரவு கூலன்ட் டப்பாவில் மட்டம் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். தினமும் காலையில் பானட்டைத் திறந்து பார்ப்பேன். பிறகு வாரம் ஒரு முறை. ஆறு மாதம் ஆகிறது. மட்டம் அங்கேயே நிற்கிறது. கோடுதான் சூட்டில் மங்கிப்போனது, போன வாரம் அதன் மேலேயே இன்னொரு முறை வரைந்தேன்.